வடிகால் கல்லுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

6 ஆகஸ்ட் 2025, புதன்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம்தான் கேட்க வேண்டும். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே தொங்குகின்றன. சில கீழே விழுந்து கிடக்கின்றன. ‘ண’ போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதில்லை. இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் எழுதியது நான். பூவராகவன். வயது எழுபத்து மூன்று.

பெயரை மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் நான்தான்.

9 ஆகஸ்ட், சனி

‘நான் ஏன் படிக்க வந்தேன்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார் சத்யப்ரியா டீச்சர். எங்கள் முதியோர் வகுப்பில் பதினாறு பேர். எல்லோரும் அறிவை வளர்க்க வந்தேன் என்று எழுதினார்கள். நான் உண்மையை எழுதினேன். என் கட்டைவிரல் என்னைக் கைவிட்டதால் வந்தேன்.

நாற்பத்திரண்டு வருடம் சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கிற சாயத் தண்ணீரில் பட்டு நூலை முக்கி, திருப்பி, பிழிந்து, விரலில் இருந்த ரேகையெல்லாம் யார் யார் கல்யாணப் புடவையோடோ போய்விட்டது. விரல் கூழாங்கல் மாதிரி இருக்கிறது. பேங்க் மிஷினில் வைத்தால் ‘மறுபடி வை’ என்கிறது. பத்து முறை வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் சொன்னது: “தாத்தா, நீங்க கையெழுத்துப் போடக் கத்துக்குங்க. வேற வழி இல்ல.”

கைநாட்டு வைக்கும் தகுதியும் போய்விட்டால் மனிதன் படிக்காமல் என்ன செய்வான்?

டீச்சர் சிரித்துக்கொண்டே படித்தார். ஒரு மதிப்பெண் குறைத்தார். தலைப்புக்கு அடியில் கோடு போடவில்லையாம்.

11 ஆகஸ்ட், திங்கள்

ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் இத்தனை பேச்சு நடந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சுவரில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று இருக்கிறது. முப்பது வருடமாக அந்த உத்தரவை மீறி வந்திருக்கிறேன். பட்டுக்கடைகளில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். இருப்பதைத்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லாததையும் எழுதலாம் போலிருக்கிறது.

என் மனைவி லில்லி வைக்கும் ரசத்தில் புளி அதிகம். நாற்பத்தேழு வருடமாக வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

லில்லி நோட்டைப் படித்துவிட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இது எனக்கு மறந்துவிட்டது.

“புளிய அடி” என்றாள்.

“அது என் நோட்டுமா.”

“நோட்டு உன்னுது. ரசம் என்னுது.”

அந்த வரி மேல் ஒரு கோடு போட்டேன். மெல்லிய கோடு. கீழே இருப்பது தெரிகிறது.

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. பளபளவென்று, தங்க எழுத்தோடு. மேலே ஒரு பூ செதுக்கியிருக்கும். மூன்று வருடம் முன்பு ஒரு ஜூன் மாதம், நான் கண் ஆபரேஷனுக்குப் போய்வந்த வாரத்தில், திடீரென்று நின்றது. லில்லியின் அப்பாவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் வைத்த கல்லும் இதே கறுப்பு, இதே தங்கம், இதே பூ. அதனால் இதுவும் யாரோ பாவப்பட்ட மனிதருக்கு வைத்தது என்று நினைத்தேன். தெரு முனையில் வைத்திருக்கிறார்களே, விபத்தாக இருக்கும். போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். கல்லறைத் திருநாள் அன்று மாமனாருக்கு ஏற்றியது போக மிச்சம் இருக்கும் மெழுகுவர்த்தியை இங்கே ஏற்றுவேன். மூன்று வருடமும் ஏற்றினேன். எதிர்வீட்டுக் காவேரி என்னைப் பார்த்து ஏதோ சாமி என்று மஞ்சள் பூச ஆரம்பித்தது. தறிக்காரக் குடும்பம், கல் என்றால் சும்மா விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை கற்பூரமும் உண்டு.

இன்று வீட்டுப்பாடத்துக்காக அந்தக் கல்லைப் பார்த்து எழுதினேன். மஞ்சளைத் துடைத்துவிட்டு, அப்படியே, எழுத்துக்கு எழுத்து:

மழைநீர் வடிகால் கால்வாய்
திறப்பு விழா
12.06.2022
திறந்து வைத்தவர்
மாமன்ற உறுப்பினர்
திரு. கோ. குமாரவேல் அவர்கள்

எழுதி முடித்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். எங்கள் தெருவில் வடிகால் எதுவும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுத்தான் போகும்.

குமாரவேல் எங்கள் வார்டு கவுன்சிலர். நேற்றுகூட புல்லட்டில் போனார்.

15 ஆகஸ்ட், வெள்ளி

லில்லியிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன்.

“எனக்கு மூணு வருசமா தெரியுமே.”

“ஏன்மா சொல்லல?”

“நீ கேக்கல. செருப்பக் கையில புடிச்சிக்கினு நீ போற அழகப் பாக்க நல்லா இருந்துச்சு.”

20 ஆகஸ்ட், புதன்

மருமகள் சுகாசினி என் நோட்டைப் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது. ‘பூவராகவன் நோட்டு’ என்று ஒரு ப்ளாக். கையெழுத்து புரியாதவர்களுக்காகக் கீழே டைப்பும் அடித்திருக்கிறது. கல்லைப் பற்றிய பக்கம் மட்டும்தான். “ரசம் போடலை மாமா” என்றது. நல்ல பெண்.

பதினோரு பேர் படித்திருக்கிறார்களாம். அதில் ஒருவர் சிங்கப்பூர். நான் வாலாஜாபாத் தாண்டி அதிகம் போனதில்லை. என் ‘ண’ சிங்கப்பூர் போய்விட்டது.

2 செப்டம்பர், செவ்வாய்

பதினோரு பேர் இப்போது இருபதாயிரம் பேராம். யாரோ அந்தப் பக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்ப, வேறு யாரோ குமாரவேல் படத்தைப் போட்டு, மாலை போட்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று செய்து அனுப்பியிருக்கிறார்கள். தென்னேரியில் இருக்கும் அவருடைய அத்தை அதை உண்மை என்று நம்பி, ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கிவிட்டார்களாம். வாசலில் குமாரவேல் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்த அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் படத்தை நான் செய்யவில்லை. ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றியது நான்தானே.

3 செப்டம்பர், புதன்

குமாரவேல் வீட்டுக்கு வந்தார். பின்னால் நான்கு பேர்.

“பெரியவரே, நான் செத்துட்டனா?”

“இல்லப்பா. நல்லா இருக்கிறியே. கொஞ்சம் ஒடம்பு வெச்சிருக்குது.”

“யாரு எழுதினது?”

“நான்தான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுகாசினியைப் பார்த்தார். “இவரு கைநாட்டு. ஊருக்கே தெரியும். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு இதத்தான் பண்றியாமா?”

சுகாசினி வார்டு ஆபீசில் ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். அது இந்த மாதக் கடைசியில் வருகிறது. இது அவருக்கும் தெரியும்.

போகும்போது என் தோளைத் தட்டினார். “உன் மேல எனக்குக் கோவம் இல்ல பெரியவரே. உன்ன யூஸ் பண்ணிக்கிறாங்க.”

எழுபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இது மாதிரி யாரும் திட்டவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. திங்கட்கிழமை என்னை வரச் சொன்னார்கள். கவுன்சிலர் மனு கொடுத்திருக்கிறார். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று எழுதி மன உளைச்சல் கொடுத்துவிட்டார்களாம். எழுதியது மருமகளாம். என் பெயரைப் போட்டுக்கொண்டாளாம்.

மனுவில் வடிகாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வடிகால் இல்லை என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டையே கிடையாது.

7 செப்டம்பர், ஞாயிறு

மகன் கமல் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“அப்பா, நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதத் தெரியாதுன்னு சொல்லிடுப்பா. இதெல்லாம் யாரு எழுதினாங்கன்னே தெரியாதுன்னு சொல்லிடு. எழுபது வருசமா சொன்னதுதானே. இன்னும் ஒரு நாள் சொல்லு.”

பையன் முகத்தைப் பார்த்தேன். கம்பெனியில் இவனுக்கும் நிரந்தரம் இல்லை. சுகாசினி சம்பளமும் போனால்?

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு எழுத்தும் எழுத வரவில்லை. இதை மறுநாள் காலையில் எழுதுகிறேன்.

8 செப்டம்பர், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

ஸ்டேஷன் நல்ல இடம். சுவர் முழுக்கப் படிக்கக் கிடைக்கிறது. காணாமல் போனவர்கள், தேடப்படுபவர்கள், ‘தகவல் பெறுவது உங்கள் உரிமை’. காத்திருந்த நேரத்தில் எல்லாவற்றையும் படித்தேன். கமல் என் தொடையில் தட்டி, “ஒதட்ட அசைக்காதப்பா, படிக்கிறது தெரியுது” என்றான். அதன் பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் பெயர் ஜெயக்குமார். சட்டையில் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

“பெருசு, பயப்படாத. ஒரு வாக்குமூலம் டைப் பண்ணி வெச்சிருக்குது. படிச்சுக் காட்றேன், கேட்டுக்க. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேற்படி பதிவை நான் எழுதவில்லை. இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன்.’ அவ்ளோதான். ஒரு கைநாட்டு வெச்சிட்டுக் கெளம்பு. மனுவ முடிச்சிடலாம்.”

“வெச்சிடுப்பா” என்றான் கமல்.

நான் விரலை நீட்டினேன். இதை மறைக்கக் கூடாது. நீட்டினேன்.

ஏட்டு மையில் அழுத்தி, தாளில் உருட்டினார். புளியங்கொட்டை மாதிரி ஒரு கறுப்பு விழுந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி உருட்டினார். இன்னொரு புளியங்கொட்டை. வலது கை, இடது கை, ஆள்காட்டி விரல். “இன்னாபா, ஒடம்புல வேற எங்கயாவது ரேகை இருக்குதா?” என்றார். மை சரியில்லை என்று வேறு மை எடுக்க உள்ளே போனார்.

தாள் என் முன்னால் கிடந்தது. எழுத்து இருந்தால் இப்போதெல்லாம் கண் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். சார் படித்துக் காட்டியது மூன்று வரி. தாளில் இருந்தது நான்கு. நடுவில் ஒன்று: ‘என் மருமகள் சுகாசினி என்பவரே என் பெயரைப் பயன்படுத்தி எழுதி வெளியிட்டார்.’

இரண்டாவது தடவையும் படித்தேன். தப்பாகப் படித்து ஒரு மனிதரைக் குறை சொல்லக் கூடாது இல்லையா?

“சார், நடுவுல ஒரு வரிய விட்டுட்டீங்களே.”

ஏட்டு புது மையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னு இருக்கிற காயிதத்த என்கிட்டயே படிச்சுக் காட்றியாபா நீ?” என்றார் ஜெயக்குமார்.

“கஷ்டப்பட்டுத்தான் சார் படிச்சேன்.”

கமல் தாளை வாங்கிப் பார்த்தான். அவன் வேகமாகப் படிக்கிறவன், ஒரு நொடிதான். அவன் கழுத்து சிவந்தது, இதற்கு முன்பு அவன் சின்ன வயதில்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். தாளை மேசையில் வைத்தான்.

“சார், எங்கப்பாவுக்கு ஒரு வெள்ளத் தாள் குடுங்க” என்றான்.

இரண்டு மணி நேரம் எழுதினேன். நடுவில் ஏட்டு சாப்பிட்டுவிட்டே வந்தார். எழுதியது இது:

‘நான் பூவராகவன். கல்லைப் படித்து எழுதியது நானே. என் மருமகள் டைப் அடித்தார், எழுதவில்லை. திரு. குமாரவேல் அவர்களை இறந்தவர் என்று நினைத்துவிட்டேன். அவர் உயிரோடு இருக்கிறார். நேரில் பார்த்தேன். அவரும் தென்னேரி அத்தையும் மனம் வருந்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கல்லில் எழுதியுள்ள வடிகாலை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் அதனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’

ஜெயக்குமார் படித்தார். “இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது பெருசு?”

“ஃபைல்ல வைங்க சார்.”

ஏட்டு பழக்கத்தில் கீழே ‘இடது பெருவிரல் ரேகை’ என்று எழுதிவிட்டு, என்னைப் பார்த்து, அதை அடித்துவிட்டு ‘கையெழுத்து’ என்று எழுதினார். போட்டேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

கமல் கடையில் இருந்து ஒரு பேனா வாங்கி வந்து நோட்டின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

15 செப்டம்பர், திங்கள்

பட்டப்பகலில் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காவேரி நடுத்தெருவில் நின்று கத்தியது.

“எங்க சாமிய எங்கடா எடுத்துக்கினு போறீங்க?”

“சாமி இல்லமா அது, வடிகால்.”

“எதுவா இருந்தா இன்னா, மூணு வருசம் மஞ்சப் பூசியிருக்கிறேன்.”

பக்கத்து ஊரான கூரத்தில் பழைய ராஜா ஒருவர் செம்புத் தகட்டில் எழுதி வைத்தது இன்றும் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். அதைத் தப்பாகப் படித்த யாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

19 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. கல்லைப் பிடுங்கிய குழிக்குள் தெருத் தண்ணீர் எல்லாம் குபுகுபுவென்று இறங்கிவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்தது இதுதான் முதல் தடவை. கவுன்சிலரைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேனோ.

30 செப்டம்பர், செவ்வாய்

சுகாசினிக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கடிதம் வந்துவிட்டது. ஆபீசில் போலீசைக் கேட்டார்களாம். எழுதியது மாமனார் என்று ஃபைலில் இருப்பதாகப் பதில் வந்ததாம். கடிதத்தை முதலில் என்னிடம்தான் கொடுத்தது. “எல்லா வரியும் இருக்குதான்னு பாருங்க மாமா.”

இருந்தது.

14 அக்டோபர், செவ்வாய்

கோர்ட்டில் இருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. குமாரவேல் நேராக அவதூறு வழக்குப் போட்டுவிட்டார். என் மேல் மட்டும்.

என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் முறை என்று சொல்லலாம். ரேஷன் கார்டில் உண்டு, ஆனால் அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. ‘பூவராகவன், எதிரி’ என்று கறுப்பாக, கோட்டை விட்டு விலகாமல், எவ்வளவு அழகாக அடித்திருக்கிறார்கள். லில்லியிடம் காட்டினேன்.

“எதிரின்னு போட்டிருக்குது, இளிக்கிற” என்றாள்.

“மூணு வருசம் வடிகால் வரல. நோட்டீஸ் ஒரே மாசத்துல வந்துடுச்சு பாரு. வேலை நடக்குது.”

17 அக்டோபர், வெள்ளி

வக்கீல் வெங்கடேசனைப் பார்த்தோம். டீச்சருக்குத் தெரிந்தவர்.

“உண்மைய ஊர் நன்மைக்காக எழுதினா தப்பு இல்லன்னு சட்டத்துலயே இருக்குது. ஆனா உண்மைன்னு நாமதான் காட்டணும். கல் எங்க?”

“எடுத்துட்டாங்க.”

“போட்டோ?”

சுகாசினி நோட்டைத்தான் எடுத்தது, கல்லை எடுக்கவில்லை. குமாரவேல் ஃபேஸ்புக்கில் இருந்த திறப்பு விழாப் படமும் இப்போது இல்லையாம்.

“அப்போ அப்படி ஒரு கல் இருந்துச்சுன்னு எதத்தான் வெச்சு சொல்றது?”

நோட்டைத் திறந்து ஆகஸ்ட் 14-ஐக் காட்டினேன். எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிய வீட்டுப்பாடம். கீழே டீச்சர் அன்றைக்கே தேதி போட்டுத் திருத்தியிருக்கிறார். நல்லவேளை, ‘திரு’வுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்ததற்குப் பாராட்டும் எழுதியிருக்கிறார்.

வெங்கடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “பெரியவரே, இந்த நோட்டக் கோர்ட்டுல குடுத்தாகணும். முழுசா. ஒரு பக்கம் கிழிஞ்சிருந்தாலும் அவங்க வக்கீல் புடிச்சிக்குவாரு.”

25 அக்டோபர், சனி

புதன்கிழமை கோர்ட். இந்த நோட்டில் இது கடைசிப் பக்கம். லில்லி காலையில் இருந்து என் பின்னாலேயே சுற்றுகிறாள்.

“அந்தப் புளிப் பக்கத்த மட்டும் கிழிச்சிடுயா.”

“ஒரு பக்கமும் கிழிக்கக் கூடாதாம்மா. சட்டம்.”

“ஜட்ஜு ஒரு பொம்பளையாம். அந்த அம்மா என்ன பத்தி இன்னா நெனைக்கும்?”

அதனால் இதை எழுதுகிறேன். நீதிபதி அம்மா அவர்களுக்கு. என் கையெழுத்துக்கு முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. உங்களிடம்தான் போலிருக்கிறது. மெதுவாகப் படியுங்கள், நானும் மெதுவாகத்தான் எழுதினேன். அடித்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று ரசம் நன்றாகவே இருந்தது.

சுகாசினி இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறது. கோர்ட் வாசலில் நிறைய போர்டு இருக்குமாம். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் வேறு வருகிறது, மிச்ச மெழுகுவர்த்தியை அந்தக் குழியிடம் வைப்பதா என்று யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் அடுத்த வாரம் அதில் எழுதுவேன். நீதிபதி அம்மா என்னை ஜெயிலுக்குள்ளே வைக்கச் சொன்னாலும், அங்கே பேனா கொடுப்பார்களா என்று வெங்கடேசனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.